பெட்டி பிரிக்காத நாற்காலி

மார்ச் 4

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

"எல்லாரும் நலம்" என்று எழுதச் சொன்னது உன் அம்மா. உள்ளதை எழுதுவது நான். அவள் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நெஞ்சு டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டு, "படி ஏறி இறங்குறத இனிமே மறந்துடுங்கம்மா" என்றார். மாடியில் குடியிருப்பவளிடம் இதைச் சொல்லிவிட்டு அவர் லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

போனில் சொன்னால் என்ன என்பாய். முப்பது வருஷம் பஸ் ஓட்டி இரண்டு காதையும் இன்ஜினுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். எழுத்து அனுப்பும் போனில் என் கட்டைவிரலை வைத்தால் மூன்று எழுத்து சேர்ந்து விழுகிறது. உன் அம்மாவிடம் போனைக் கொடுத்தால் "நேர்ல வரட்டும், பேசிக்கறேன்" என்கிறாள். நீ போன நாளிலிருந்து இதே பாட்டுதான். ஆகவே தபால்.

படியில் தானே ஏறி இறங்கும் மோட்டார் நாற்காலி வந்துவிட்டது. நீ என் பெயருக்கு வாங்கிக் கொடுத்த கூடுதல் கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான் வாங்கினேன். நம் படி நடுவில் வளைகிறதே, அதனால் நேர்த் தண்டவாளம் ஆகாதாம். ஆள் வந்து அளவெடுத்து, நம் படிக்கென்றே வளைத்துக் கொண்டுவந்தார்கள். சுவரோரம் அதைப் பொருத்திவிட்டால் உட்கார்ந்தபடியே ஏறலாம், இறங்கலாம். விலையை எழுத மாட்டேன். கார்டு மிஷின் 'சரி' என்று சொல்வதற்குள் கடைப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இவ்வளவு செலவு எதற்கு என்று நீ கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். எழுதக் கூடாது என்று உத்தரவு, ஆனாலும் எழுதுகிறேன். "அவ போன அன்னிக்கு நான் கீழ இறங்கல. அவ வர்ற அன்னிக்கு நான் வாசல்ல இருக்கணும். கட்டில்ல படுத்துக்கிட்டு வான்னு சொல்ல மாட்டேன்." இதுதான் உன் அம்மா கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் உருப்படியாகக் கேட்ட இரண்டாவது பொருள். முதலாவது மிக்ஸி.

இப்போது கெட்ட செய்தி. படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடைக்காரரின் ஷட்டர் இருப்பதால் பெட்டிகளை மேலே வைத்துவிடலாம் என்று நானும் அவரும் தூக்கினோம். நாற்காலிப் பெட்டி ஏறிவிட்டது. தண்டவாளப் பெட்டி மேல்படி வரை வந்தது. அங்கே எனக்குத் தும்மல் வந்தது. பெட்டி கையை விட்டு நழுவி, வளைவில் ஒரு இடி இடித்து, ஷட்டர் தூணில் போய் நின்றது. எந்த வேலைக்காக அதை வாங்கினோமோ அந்த வேலையை ஆள் இல்லாமலேயே செய்து காட்டிவிட்டது. வளைவுத் துண்டு நசுங்கிவிட்டது.

பொருத்த வந்த பிட்டர் பார்த்தார். "அரை நாள் குடுங்க, சூடு காட்டி நிமிர்த்தி மாட்டிடறேன்" என்றார். நானும் சம்மதித்துவிட்டேன். அதற்குள் ஜெராக்ஸ்காரர், கார்டோடு வந்த சின்னப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஓடி வந்தார். கார்டில் வாங்கிய பொருள் தொண்ணூறு நாளுக்குள் திருட்டுப் போனாலோ, கை தவறி உடைந்தாலோ கார்டு கம்பெனி ஈடு கொடுக்குமாம். ஆனால் வீட்டோடு பொருத்திவிட்ட பொருளுக்குக் கிடையாதாம். பெட்டியில் இருக்கும்வரைதான் அது பொருள். சுவரில் ஏறிவிட்டால் அது வீடாகிவிடுகிறதாம்.

என்ன செய்யட்டும், நம் வீட்டு வக்கீலம்மா? நீ சொல்கிறபடி.

அப்பா


மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தயவு செய்து ஒன்றையும் தொடாதீர்கள். பிட்டரைத் திருப்பி அனுப்புங்கள். பெட்டியைப் பிரித்த இடத்தில் அப்படியே மூடிவையுங்கள். ஒட்டுவதற்கு டேப் கூட வாங்க வேண்டாம்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கிடங்கில் திரும்பி வருகிற சாமான்களைப் பார்த்து 'ஏற்கலாம்', 'ஏற்கக் கூடாது' என்று முத்திரை குத்துவதுதான் என் பிழைப்பு. பெட்டிக்குள் ஒரு முடி கிடந்தாலே திருப்பி அனுப்பிவிடுவோம். உங்கள் பிட்டர் சூடு காட்டி நிமிர்த்திய இரும்பை எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்க்காது. புது வளைவுத் துண்டின் விலையை விசாரித்துவிட்டேன். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதை இன்னொரு முறை கட்ட என்னால் முடியாது.

உங்களைப் பற்றி எனக்குத் தெரியும் அப்பா. ஃபிரிட்ஜ் கதவை டயர் டியூபால் கட்டினீர்கள். துவைக்கிற மிஷினுக்குப் பஸ் பெல்ட்டை வெட்டி மாட்டினீர்கள், அது துணியோடு சமையலறை வரைக்கும் நடந்து வந்தது. இரண்டுக்குமே அப்போது கியாரண்டி இருந்தது. இந்த ஒரு தடவை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

கார்டு கம்பெனிக்கு நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். பார்வையிட ஆள் வருவார். எனக்கு லீவு ஜூன் நடுவில். அதற்குள் புதுத் துண்டு வந்து பொருத்திவிடலாம்.

அம்மா வாசலுக்கு வர வேண்டும் என்று சொன்னதைப் பலமுறை படித்தேன். நான் கிளம்பிய அன்றைக்கு என் துணிப்பெட்டியை ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு தனியாக இறக்கினேன். கீழே நின்று ஜன்னலைப் பார்த்தேன். திரை மூடியிருந்தது. அதை இப்போது சொல்லி என்ன. அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மாத்திரை பெயரை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

மகள்


மார்ச் 27

அன்பு மகளுக்கு,

உன் உத்தரவு அமலில் இருக்கிறது. பெட்டிகள் இரண்டும் கூடத்தில் கிடக்கின்றன. நான் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் கழிவறைக்குப் போகிறேன். பெட்டியின் மேல் பேப்பர் வைக்கப் போன உன் அம்மாவை "தொடாத, ஈடு போயிடும்" என்று தடுத்துவிட்டேன். "நம்ம கல்யாணப் பட்டுக்குக்கூட இவ்வளவு காவல் இருந்ததில்லையே" என்கிறாள்.

கம்பெனிக்குப் போன் செய்தோம். எனக்காக ஜெராக்ஸ்காரர் பேசினார். அந்தப் பக்கம் கேட்பதை அவர் காகிதத்தில் எழுதிக் காட்டுவார், நான் பதில் கத்துவேன், அவர் அதை மெதுவாகச் சொல்வார். "பொருள் எப்படிச் சேதமடைந்தது?" "தும்மினேன்." இதை அவர் எப்படிச் சொன்னாரோ, அந்தப் பக்கம் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்களாம். கடைசியில் ஆள் வருவார், தேதி பிறகு சொல்வோம் என்றார்கள்.

மாத்திரைப் பெயர் இத்துடன் தனித் தாளில். டாக்டரின் எழுத்து எனக்குப் புரியாததால் அட்டையையே கத்தரித்து வைத்திருக்கிறேன்.

உன் அம்மா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காருகிறாள். ஆனால் அங்கிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். வாசல் தெரியாது. "தொட்டியோட முகம் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சுங்க" என்றாள் நேற்று.

திரையைப் பற்றி நீ எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டாம் என்றதால்தான்.

அப்பா


ஏப்ரல் 18

அன்பு மகளுக்கு,

பார்வையிடும் ஆள் இன்னும் வரவில்லை. வருவார் வருவார் என்று உன் அம்மா தினமும் தலை வாரிக்கொண்டு உட்காருகிறாள். நெஞ்சு எப்படி என்று கேட்டிருந்தாய். இரவில் மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. வாயும் கூடியிருக்கிறது, அதை மருத்துவ அறிகுறியில் சேர்க்கலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

அவள் உன்னிடம் சொல்லச் சொன்னது: ஜெராக்ஸ் கடைப் பலகையில் 'ரா' விழுந்துவிட்டதாம். 'ஜெக்ஸ்' என்று நிற்கிறதாம். சர்க்கஸ் மாதிரி இருக்கிறது, சொல்லி மாட்டச் சொல்லுங்கள் என்கிறாள்.

ஜெராக்ஸ்காரருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. தைலம் வாங்கிக் கொடுத்தேன். எதனால் என்று கேட்காதே. வயசு.

ஜூன் எத்தனையாம் தேதி, எந்த வண்டி, காலையா மாலையா என்று எழுது. அம்மாவுக்குத் தெரிய வேண்டுமாம். வெயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று பார்க்கிறாள்.

அப்பா


மே 2

அப்பாவுக்கு,

இன்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதை நீங்கள் எனக்கு எழுதவே இல்லை. இப்போது ஏன் என்று புரிகிறது.

அவர்கள் அனுப்பிய படங்கள் என் முன்னால் இருக்கின்றன. நாற்காலிப் பெட்டி முழுசாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இருக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் இரும்பு உரசிய தடம். பட்டையை எதனுடனோ சேர்த்துக் கட்டிய முடிச்சு. மெத்தையில் கறை, 'தேநீர் எனத் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். 'பயன்படுத்தப்பட்ட, மாற்றியமைக்கப்பட்ட பொருள். கோரிக்கை ஏற்கப்படவில்லை.' நானே தினமும் குத்துகிற முத்திரை. என் அப்பாவுக்கு யாரோ குத்தியிருக்கிறார்கள்.

அப்படி என்னதான் செய்தீர்கள்? அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பேப்பர் படித்தீர்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சும்மா இருங்கள் என்று கெஞ்சினேன். அம்மா மாடியிலேயே கிடப்பதற்குக் காரணம் முழங்கால் இல்லை. உங்கள் கை.

வளைவுத் துண்டுக்கு என்னிடம் இப்போது பணம் இல்லை. ஜூன் பதினான்கு காலை வண்டியில் வருகிறேன். வந்து பார்க்கிறேன். அதுவரை எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

மகள்


மே 12

அன்பு மகளுக்கு,

நீ திட்டியதைப் படித்தேன். எழுத்து கோணாமல் திட்டுகிறாய், அது உன் அம்மா வழி.

கறை டீக் கறைதான். கம்பெனிக்காரர் கெட்டிக்காரர். கை என் கைதான், அதையும் மறுக்கவில்லை. மற்றதை உனக்கு நேரில் சொல்ல ஆள் இருக்கிறது, நான் முந்திக்கொள்ளக் கூடாது.

இனிமேல் காப்பதற்கு ஒன்றும் இல்லாததால் பிட்டரிடம் சொல்லிவிட்டேன். வெளியூரில் ஒரு பெரிய வேலையில் இருக்கிறார், மாதக் கடைசியில் வந்து நிமிர்த்திப் பொருத்திவிடுவார். ஜூன் பதினான்குக்குத் தாராளமாக ஆகிவிடும்.

அம்மா இந்த வாரம் கொஞ்சம் சோர்வு. சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரை நாளைக்குப் பார்க்கிறோம். "காலை வண்டின்னா வெயில் பின்பக்கம், நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா


ஜூன் 20

அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். வேலைக்கும் போகிறேன்.

அங்கே இருந்த நாட்களில் உங்களோடு பேசவே இல்லை. உங்கள் காது காரணம் என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். செய்தி கேட்டதும், ஜூன் பதினான்குக்கு எடுத்த டிக்கெட்டை மே இருபத்தெட்டுக்கு மாற்றிக்கொண்டு ஓடி வந்தேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஆட்டோக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். கூடத்தில் அந்த இரண்டு பெட்டிகள். பிட்டர் வருவதற்கு இரண்டு நாள் முந்திவிட்டாள் அம்மா. தண்டவாளப் பெட்டியின் மேல் யாரோ டம்ளர்களை அடுக்கியிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன். பெட்டியில் ஈரம் படக் கூடாது என்று நினைத்தேன் அப்பா. அந்த நேரத்திலும்.

உங்கள் மேல் எழுதிய கோபமெல்லாம் இங்கே வந்த பிறகு திரும்பி என் பக்கம் நிற்கிறது. பிட்டர் மார்ச்சிலேயே அரை நாளில் பொருத்துகிறேன் என்றார். நீங்களும் சரி என்றீர்கள். தொடாதீர்கள் என்றது நான். மூன்றில் ஒரு பங்குக்காக. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. கீழே இறங்க வேண்டும். கடைசி வரை இறங்காமலே போய்விட்டாள், தூக்கிக்கொண்டு போன அன்றைக்குத் தவிர.

கிடங்கில் இன்று ஒரு பெட்டி வந்தது. சக்கர நாற்காலி. உள்ளே ஒரு நரைமுடி. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி வந்து வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெட்டிகளை யாருக்காவது விற்றுவிடுங்கள். எனக்கு அந்த வீட்டுக்கு வர இனிமேல் தைரியம் இல்லை.

மகள்


ஜூலை 3

என் அம்மாடி,

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள். உன் அம்மா கீழே இறங்கினாள்.

இதை அவளே வாசலில் உட்கார்ந்து உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். "நீங்க எழுதினீங்கன்னா உங்க கையை ஒடச்சுடுவேன்" என்று சொல்லியிருந்தாள். ஜெராக்ஸ்காரரிடமும் பிட்டரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால்தான் நீ வந்த அன்றைக்கு ஜெராக்ஸ்காரர் உன் கண்ணில் படாமல் கடைக்குள்ளேயே இருந்தார். எங்கே சொல்லிவிடுவோமோ என்ற பயம். எனக்கும் அப்படித்தான். அவள் வாயிலிருந்து வர வேண்டியதை, அவளைப் படுக்க வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிடுங்கிச் சொல்வேன்? அப்புறம் நீ கிளம்பிவிட்டாய். இன்றைக்கு அவள் என் கையை ஒடிக்க வரட்டும், வந்தால் சந்தோஷம்தான்.

ஏப்ரல் முதல் வாரம். பார்வையிடும் ஆள் வந்தாரா என்று கேட்க பிட்டர் வந்திருந்தார். உன் அம்மா கட்டிலிலிருந்து கேட்டாள்.

"தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது உக்கார்றதுக்குத்தானே?"

"ஆமாம்மா."

"அப்ப உக்காந்தா என்ன?"

நான் உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "உன் மக தொடவே கூடாதுன்னு எழுதியிருக்கா பாரு."

"செவுத்துல பொருத்தினாத்தானே ஈடு கிடையாது? நான் என்ன செவுரா?"

நான் அந்தச் சின்னப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். சுவரைப் பற்றித்தான் இருந்தது, உன் அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிட்டர் சிரித்துவிட்டு நாற்காலியை வெளியே எடுத்தார். அடியில் இரண்டு இரும்புக் குழாய்களைக் கொடுத்து, பட்டையால் இறுக்கிக் கட்டினார். முன்னால் ஜெராக்ஸ்காரர், பின்னால் பிட்டர். நடுவில் அவள், நல்ல புடவை, தலை வாரி. எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "நீங்க டிரைவர்தானே, முன்னாடி போங்க, எதிர்ல வண்டி வருதான்னு பாருங்க" என்றாள். அவள்தான் கண்டக்டர். மேல்படியிலிருந்து "ரைட், போலாம்" என்றாள். எனக்கே கேட்டது.

வளைவில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். மூச்சு வாங்கத்தான் என்று நினைத்தேன். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னாள்: "அவ போன அன்னிக்கு இதுவரைக்கும் வந்தேங்க. பெட்டிய இடிச்சு இடிச்சு எறக்கிட்டிருந்தா. ஒரு கை பிடிக்கலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள அவ கீழ போயி நின்னுட்டா. அதுக்கு மேல எனக்குக் கால் வரல."

ஆகவே திரைக்குப் பின்னால் அவள் இல்லை, கண்ணு. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவள் உனக்குப் பத்துப் படி மேலே, வளைவில் நின்றிருக்கிறாள். சுவர் மறைத்துவிட்டது.

கீழே கடை வாசலில் இறக்கினோம். அரைமணி நேரம் இருந்தாள். ரொம்ப நாள் கழித்துத் தெருவை முழுசாகப் பார்த்தாள். பலகையில் 'ரா' விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தது அப்போதுதான். ஸ்கூட்டரில் வேகமாகப் போன பையனைத் திட்டினாள், அவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். ஜெராக்ஸ்காரர் டீ வரவழைத்தார். "ஏம்ப்பா, என்னையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோ, ஒண்ணு மாடில இருக்கட்டும், ஒண்ணு இங்க இருக்கட்டும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அதில்தான் டீ சிந்தியது. கம்பெனிக்காரர் படம் எடுத்தாரே, அந்தக் கறை.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் நேரம் கிடைக்கிற சாயங்காலமெல்லாம் இறங்கினாள். ஜெராக்ஸ்காரரின் தோள்பட்டைக்கு வயசு காரணமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒத்திகை. நீ வந்து நின்றால் என்ன சொல்வது என்று.

"வான்னு சொல்லு" என்றேன்.

"அது எல்லாரும் சொல்றதுதானேங்க."

ஒரு நாள் உன்னைத் திட்டலாம் என்றாள். ஒரு நாள் ஒன்றுமே பேசாமல் இருக்கலாம் என்றாள். கடைசியாக இறங்கிய அன்றைக்குத்தான் முடிவுக்கு வந்தாள். "ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அவ பெட்டிய வாங்கி என் மடில வெச்சுக்கறேன். மிஷின் என்னையும் பெட்டியையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகட்டும். அவ கைவீசிக்கிட்டுப் பக்கத்துல ஏறி வரட்டும்." பெட்டி எவ்வளவு கனம் இருக்கும், நாற்காலி தாங்குமா என்று பிட்டரிடம் கேட்டும் வைத்துக்கொண்டாள். தாங்கும் என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பார்வையிடும் ஆள் வந்தார். கறையைக் காட்டி "இது என்ன?" என்று எழுதிக் கேட்டார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். "தும்மினேன்" என்றேன்.

நீ தொடாதே என்று எழுதியது உன் தப்பு என்று நினைக்கிறாய். மார்ச்சிலேயே பொருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல்லட்டுமா? பித்தானை அழுத்தியிருப்பாள், இறங்கியிருப்பாள். நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. உன்னை வாசலில் பார்த்திருக்கவும் மாட்டாள், தேதி அவள் கையில் இல்லை. ஆனால் அந்த ஊர்வலம் கிடைத்திருக்காது. அவ்வளவு சிரித்து நான் அவளைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டிருந்தது. மோட்டாருக்கு அந்தச் சிரிப்பு வரவழைக்கத் தெரியாது, அம்மாடி. முப்பது வருஷம் மோட்டாரோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்.

விற்கச் சொன்னாய். நம் படிக்கென்று வளைத்த இரும்பை யார் வாங்குவார்கள்? போன வாரம் பிட்டர் வந்து நிமிர்த்திப் பொருத்திவிட்டார். கூலி வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் திணித்தேன், மறுநாள் ஜெராக்ஸ்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். இப்போது சுவரில் ஆறு போல்ட். அந்தச் சின்னப் புத்தகத்தின் கணக்கில் அது இனிமேல் பொருள் இல்லை, வீடு. எந்தக் கம்பெனியின் காப்பும் அதற்குக் கிடையாது. எனக்கும்தான் கிடையாது, நானும் நாற்காலியும் சுவரோடு சுவராக இருக்கிறோம்.

நசுங்கிய இடம் முழுசாக நிமிரவில்லை. வளைவில் ஒரு குலுக்கல் இருக்கிறது. சத்தம் வருகிறதாம். எனக்குக் கேட்காது, இடுப்பில் தெரிகிறது. அந்த இடம் வந்ததும் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன்.

நேற்று ஜெராக்ஸ்காரர் டீயை நாற்காலியில் வைத்துப் பித்தானை அழுத்திவிட்டார். டீ மட்டும் தனியாக மாடிக்கு ஏறி வந்தது. வளைவில் பாதி சிந்திவிட்டது. பழைய கறைக்குப் பக்கத்தில் புதுக் கறை. நான் துடைக்கவில்லை.

தைரியம் வரும்போது வா. அவசரமில்லை. நான் கீழே வாசலில் நிற்கிறேன். உன் அம்மா மாதிரி எனக்கு ஒத்திகை எல்லாம் கிடையாது. ஏதாவது உளறுவேன், மன்னித்துக்கொள்.

அப்பா


ஜூலை 16

அப்பா,

ஆகஸ்ட் ஒன்பது, காலை வண்டி. வெயில் பின்பக்கம்.

நீங்கள் வாசலில் நிற்க வேண்டாம். மேல்படியில் இருங்கள். நாற்காலியை மட்டும் கீழே அனுப்பிவையுங்கள். பெட்டியை அதில் வைக்கிறேன். நான் பக்கத்தில் ஏறி வருகிறேன். வளைவில் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறையைத் துடைத்துவிடாதீர்கள்.

மகள்